யாரைப் பார்க்கணும்? சிபாரிசுக் கடிதமும் ராணுவ அகாடமியும்

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் மெசேஜிலிருந்து பிறந்தது. திருமுல்லைவாயலில் இருந்து ஓர் அம்மா அனுப்பியிருந்தார். மகள் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். என்.டி.ஏ. எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாளாம். அவர் கேட்டதை அப்படியே சொல்றேன்: "எங்க அண்ணன் பையன் அமெரிக்காவுல இருக்கான் தம்பி. அங்க மிலிட்டரி காலேஜ்ல சேர அவங்க ஊர் எம்.பி.கிட்ட லெட்டர் வாங்கித்தான் சேர்ந்தான். இங்க நாங்க யாரைப் பார்க்கணும்?"

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. ஏனென்றால் 1990களில் எங்க அப்பா கேட்டதும் இதே கேள்விதான்.

அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் மெஷினிஸ்ட். ஹெவி வெஹிகிள்ஸ் ஃபேக்டரி என்று முழுப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, டேங்க் ஃபேக்டரிதான். நான் என்.டி.ஏ. எழுத்துத் தேர்வில் பாஸ் ஆகி, நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தபோது, அவர் லீவு போட்டுவிட்டு ஒரு பெரிய மனிதரைப் பார்க்கப் போனார். வாசலில் அரை நாள் நின்று, ஒரு லெட்டர்பேடில் நாலு வரி வாங்கிக்கொண்டு வந்தார். அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு என் பெட்டியின் அடியில் வைத்தார். நான் ரயிலேறி வெளியூர் போய், அந்த நாலைந்து நாள் தேர்வில் ஓடினேன், குதித்தேன், கயிற்றில் தொங்கினேன், தெரிந்த இங்கிலீஷில் பேசினேன், தேர்வாகவில்லை. அந்தக் கடிதத்தைக் கடைசி வரை யாரும் கேட்கவில்லை. எங்கே கொடுப்பது என்று எனக்கும் தெரியவில்லை. திரும்பி வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "லெட்டரைக் குடுத்தியா?"

அவர் சாகும்வரை, நான் அதைக் கொடுக்காததால்தான் தேர்வாகவில்லை என்று நம்பினார்.

அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. யாரைப் பார்க்கணும் என்ற கேள்விக்கு இந்த நாட்டில் ஒரு காலத்தில் சரியான, சட்டப்படியான பதில் இருந்தது. அந்தப் பதில் எப்போது போனது, யார் போகவைத்தார்கள் என்பதுதான் இன்றைய கதை.

அமெரிக்கா விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அந்த அம்மா சொன்னது உண்மை. வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி, அனாபொலிஸ் கடற்படை அகாடமி இவற்றில் சேர வேண்டுமென்றால் தேர்வு மட்டும் போதாது; நாமினேஷன் வேண்டும். பெரும்பாலும் உள்ளூர் காங்கிரஸ் உறுப்பினரோ செனட்டரோ கொடுப்பது. ஓர் உறுப்பினர் சார்பில் ஓர் அகாடமியில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரை இருக்கலாம். 1843இல் இதைச் சட்டமாக்கினார்கள். அதிகாரிகள் எல்லாரும் ஒரே பகுதியிலிருந்து வந்துவிடக் கூடாது, ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இடம் என்பது அதன் நியாயம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹென்றி ஃப்ளிப்பர் இப்படி ஒரு நாமினேஷனில் உள்ளே போய், 1877இல் வெஸ்ட் பாயின்டில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். ஆக, நாமினேஷன் என்றாலே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. யார் கையில் அது இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நம் பக்கம் அது யார் கையில் இருந்தது? இதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். ஆவடியிலிருந்து சி.டி.எச். ரோட்டிலேயே மேற்கே போங்க. பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் தாண்டினால் திருப்பாச்சூர் வரும். வாசீஸ்வரர் கோயிலுக்காகப் போயிருப்பீங்க. 1781இல் ஹைதர் அலியோடு நடந்த போரில் சர் அயர் கூட் கைப்பற்றிய கோட்டை இந்த ஊரில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் வாயில் ட்ரிபசூர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் இளம் கேடட்டுகளைப் பயிற்றுவித்த இடங்களில் ஒன்று இது. பின்னால் பென்ஷன் வாங்கிய ஐரோப்பியச் சிப்பாய்கள் குடியிருந்த ஊராகிப் போனது. பூந்தமல்லி கண்டோன்மென்ட் கதையும் ஏறக்குறைய இந்த வகைதான். அதைத் தனியாகப் பேசணும்.

அந்தக் கேடட்டுகள் எப்படி வந்தார்கள்? பரீட்சை எழுதியா? இல்லை. லண்டனில் கம்பெனிக்கு 24 டைரக்டர்கள். வருஷா வருஷம் எத்தனை கேடட் இடம் காலியோ, அதை அவர்கள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். தலைவருக்குப் பங்கு கூடுதல். மருமகன், நண்பர் மகன், கடன்பட்டவர் மகன் என்று யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். விற்கத்தான் கூடாது. ஆனால் விற்றார்கள். பத்திரிகையில் விளம்பரமே வந்தது. 1809இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விசாரணைக் குழு போட்டது. அதற்குப் பிறகு, இந்த இடத்துக்காகப் பணம் எதுவும் கைமாறவில்லை என்று உறுதிமொழி வாங்குவது கடுமையானது. சிபாரிசுக்கு விலை வைக்கக் கூடாது, சிபாரிசு இருக்கலாம் என்பது விதி!

சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, தாமஸ் மன்றோ, அவரும் இந்த வாசல் வழியாக வந்தவர்தான். அப்பா கிளாஸ்கோ வியாபாரி. அமெரிக்கச் சுதந்திரப் போரில் வியாபாரம் படுத்துவிட்டது. பையனுக்கு ஒரு கேடட் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். 1780 ஜனவரியில் 18 வயசில் சென்னையில் வந்து இறங்கினார், நாற்பது வருஷம் கழித்து கவர்னர் ஆனார். ஒரு சிபாரிசு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்தக் குதிரை போதும்.

அதே படையில் இருந்த நம் ஆட்களுக்கு? சுபேதார், ஜமேதார், மிஞ்சினால் சுபேதார்-மேஜர். எத்தனை போர் பார்த்தாலும், நேற்று கப்பலில் வந்து இறங்கிய பதினெட்டு வயசுப் பையனுக்குக் கீழேதான். 1857க்குப் பிறகும் இது மாறவில்லை. 1901இல் கர்சன் பிரபு இம்பீரியல் கேடட் கோர் என்று ஒன்று ஆரம்பித்தார், ராஜகுமாரர்களுக்கும் பிரபு வம்சத்துக்கும். அவர்களுக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை.

தெற்கே நிலைமை இன்னும் மோசம். 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்று ஒரு கொள்கை. 1880களில் சென்னை ராணுவத்தின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியச் சிப்பாய் போருக்கு லாயக்கில்லை என்ற எண்ணத்தோடு திரும்பிப் போனார். பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியானார். சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. சிப்பாயாகவே சேர்க்கத் தயங்குகிற ஊரிலிருந்து அதிகாரியை எங்கே எடுப்பார்கள்?

முதல் உலகப் போர் வந்தது. ஆயிரக்கணக்கான இந்தியர்கள் பிரான்ஸிலும் மெசபடோமியாவிலும் செத்த பிறகு, 1917 ஆகஸ்ட்டில் ஒரு கதவு திறந்தது. ஒன்பது இந்தியர்களுக்கு முதன்முறையாக கிங்ஸ் கமிஷன். அதைத் தொடர்ந்து இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 10 இடம். பத்தே பத்து, பர்மா சேர்ந்த அன்றைய முழு இந்தியாவுக்கும்.

அந்தப் பத்துக்கு வழி? இங்கேதான் நம்ம கேள்விக்கு நேரான பதில் கிடைக்கிறது. யாரைப் பார்க்கணும்? கலெக்டரைப் பார்க்கணும். விண்ணப்பம் மாவட்ட அதிகாரியில் தொடங்கி, மாகாண அரசு வழியாக ஏறி, ராணுவத் தலைமைத் தளபதியிடம் போய், கடைசியில் வைஸ்ராய் நியமிப்பார். நியமனம் என்ற சொல்லே நாமினேஷன்தான். குடும்பம் என்ன, நிலம் எவ்வளவு, தாத்தா கம்பெனிக்கு விசுவாசமாக இருந்தாரா, போரின்போது ஆள் சேர்த்துக் கொடுத்தாரா, இதெல்லாம்தான் மதிப்பெண். பையன் என்ன படித்தான் என்பது பின்னால். கப்பல் ஏறவும் இங்கிலாந்தில் தங்கவும் கையில் காசு வேறு வேண்டும். விளைவு தெரிந்ததுதான்: போனவர்களில் பலர் முடிக்காமல் திரும்பினார்கள். உடனே, "பார்த்தீர்களா, இந்தியர்களுக்கு இது வராது" என்று பேச்சு. தேர்ந்தெடுத்த முறை தப்பு என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

சொன்ன முக்கியமான ஆள் ஒரு தஞ்சாவூர்க்காரர். பி.எஸ். சிவஸ்வாமி அய்யர். 1864இல் பிறந்தவர், சென்னையில் பெரிய வக்கீல், அட்வகேட் ஜெனரல், கவர்னரின் நிர்வாகக் குழு உறுப்பினர், பல்கலைக்கழகத் துணைவேந்தர். மயிலாப்பூரில் லேடி சிவஸ்வாமி அய்யர் பெண்கள் பள்ளி இருக்கிறதே, அவர் மனைவி பெயரில் உள்ளது. துப்பாக்கி பிடித்த மனிதர் இல்லை. மிதவாதி, சிறைக்குப் போனவரும் இல்லை. அதனால் நம் பாடப் புத்தகங்களில் அவருக்கு இடம் இல்லை. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு.

1921 மார்ச், டெல்லியில் மத்திய சட்டசபை. இந்திய ராணுவத்தை எப்படி நடத்துவது என்று எஷர் குழு கொடுத்த அறிக்கைமேல், சிவஸ்வாமி அய்யர் 15 தீர்மானங்களைக் கொண்டுவருகிறார். ஒரு வக்கீல் வாதத்தை அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று. வருஷா வருஷம் தருகிற கிங்ஸ் கமிஷனில் தொடக்கமாக 25 சதவீதமாவது இந்தியர்களுக்கு வேண்டும். இங்கேயே ஆயத்தப் பயிற்சிக் கல்லூரி வேண்டும். அரசாங்கம் கேட்டுக்கொண்டது, தலையையும் ஆட்டியது. 25 சதவீதம் வரவில்லை. ஆனால் 1922 மார்ச்சில் டேராடூனில் ஒரு ராணுவப் பள்ளி திறந்தது. இன்றைய ஆர்.ஐ.எம்.சி. அதுதான்.

இதற்குப் பதிலாக வந்தது 1923இன் எட்டுப் படைப்பிரிவுத் திட்டம். இந்திய அதிகாரிகள் எல்லாரையும் குறிப்பிட்ட எட்டுப் பிரிவுகளில் மட்டும் போடுவார்கள். வெள்ளைக்கார அதிகாரி எவரும் இந்தியருக்குக் கீழே வேலை செய்யும் நிலைமை வராது இல்லையா? கதவைத் திறந்துவிட்டு, உள்ளே ஒரு தனி அறை கட்டியதுபோல.

1925இல் ஜெனரல் ஸ்கீன் தலைமையில் ஒரு குழு. ஜின்னா அதில் உறுப்பினர். மோதிலால் நேருவும் இருந்து, பாதியில் விலகினார். இந்தியாவிலேயே ஒரு சாண்ட்ஹர்ஸ்ட் வேண்டும், அதுவரை இடங்களை இரட்டிப்பாக்குங்கள், பீரங்கிப் படைக்கான வுல்விச் கல்லூரியையும் திறந்துவிடுங்கள் என்றது அறிக்கை.

அந்த வுல்விச் வழியாக 1933இல் அதிகாரியானவர்தான் திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் பிள்ளை, பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். 1966இல் இந்திய ராணுவத் தலைமைத் தளபதியானார். திறமைசாலி, சந்தேகமே வேண்டாம். ஆனால் அவர் ஏறிய படிகளையும் பாருங்க: அப்பா சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். பள்ளிப் படிப்பு இங்கிலாந்தின் ஈட்டன். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் அந்த வாசலில் போய் நிற்க இவ்வளவு தேவைப்பட்டது. அம்பத்தூரில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்தவர் மகனுக்கு, அப்படி ஒரு வாசல் இருக்கும் விஷயமே தெரிந்திருக்காது.

1931இல் தளபதி செட்வுட் தலைமையில் ராணுவக் கல்லூரிக் குழு கூடியபோது அதில் சிவஸ்வாமி அய்யரும் இருந்தார். 1932இல் டேராடூனில் இந்தியன் மிலிட்டரி அகாடமி திறந்தது. முதல் அணியில் 40 பேர். அதில் 15 பேர் போட்டித் தேர்வு எழுதி வந்தவர்கள். மீதிப் பேர் படையிலிருந்தும் சமஸ்தானங்களிலிருந்தும். அந்த 15இல் ஆறாவது இடம் வாங்கியவர் சாம் மானெக்‌ஷா. அப்பா அமிர்தசரஸில் டாக்டர். ஜமீன் இல்லை, சமஸ்தானம் இல்லை. என் பார்வையில், 1971 போரின் வெற்றிக்கு ஒரு சின்ன வேர் அந்த மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது.

ஆனாலும் பரீட்சை முடிந்ததும் ஒரு நேர்காணல், வயதான அதிகாரிகள் நாலைந்து பேர், "உன் அப்பா என்ன செய்கிறார்? எந்தப் பள்ளி? என்ன விளையாட்டு?" என்கிற கொஞ்ச நேரப் பேச்சு. சிபாரிசு கடிதத்திலிருந்து கண்பார்வைக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். இதை உடைத்தது இரண்டாம் உலகப் போர். ஒரேயடியாக ஆயிரக்கணக்கில் அதிகாரிகள் தேவைப்பட்டபோது குலம் பார்த்துக் கட்டுப்படியாகவில்லை. பிரிட்டனில் மனோதத்துவ நிபுணர்களை வைத்து ஒரு புதுமுறை கண்டுபிடித்தார்கள். 1943இல் அது இந்தியாவுக்கு வந்தது. எஸ்.எஸ்.பி. என்று இன்று நாம் சொல்வது அதுதான். போனதும் மார்பில் ஒரு நம்பர் கட்டிவிடுவார்கள். அந்த நாட்களில் உங்களுக்குப் பெயர் அந்த நம்பர். படத்தைப் பார்த்துக் கதை எழுதணும், மரப்பலகையும் கயிறும் கொடுத்துக் குழுவாகத் தடை தாண்டச் சொல்வார்கள். மனோதத்துவ நிபுணர், குழுத் தேர்வு அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் தனித்தனியாக மதிப்பிட்டு, கடைசி நாள்தான் ஒன்றாக உட்காருவார்கள். ஒருவர் காதைக் கடித்தால் மற்ற இருவருக்கும் போய்ச் சேராது.

அந்தக் காலகட்டத்தில் 1946இல் அதிகாரியானவர், செங்கல்பட்டில் பிறந்து தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த கிருஷ்ணசாமி சுந்தர்ஜி. 1986இல் தலைமைத் தளபதி. குமாரமங்கலத்துக்கும் இவருக்கும் நடுவில் 13 வருஷம்தான். ஈட்டனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவிலும் அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1949இல் முப்படைக்கும் சேர்த்துப் பயிற்சி தொடங்கியது. கடக்வாஸ்லாவில் என்.டி.ஏ.வின் முறையான திறப்பு 1955 ஜனவரி 16. அதே ஜனவரியில்தான் நம்ம ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. இரண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் எனக்கு இரண்டும் ஒரே காற்றில் நடந்ததாகத்தான் தோணும். பிறகு 1961இல் டேங்க் ஃபேக்டரி, 1962இல் அமராவதிநகர் சைனிக் பள்ளி, 1963இல் பரங்கிமலையில் இன்று ஓ.டி.ஏ. எனப்படும் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி. அங்கே நட்பு நாடுகளின் கேடட்டுகளும் வருவார்கள், அவரவர் அரசாங்கம் நாமினேட் செய்து. நாமினேஷன் மிச்சமிருக்கிற ஒரு மூலை அது.

நமக்கு? யு.பி.எஸ்.சி. தேர்வு, வருஷத்துக்கு இரண்டு முறை. எழுத்துக்கு 900, எஸ்.எஸ்.பி.க்கு 900. இதில் ஒரு விதி இருக்கிறது, இதை நான் எங்க அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கணும்: தன் விண்ணப்பத்துக்கு யாரிடமாவது ஆதரவு தேடினால் தகுதி நீக்கம் செய்யலாம். 1918இல் எது இல்லாமல் உள்ளே போக முடியாதோ, அது இன்று கையில் இருந்தால் வெளியே. என் பெட்டியின் அடியில் கிடந்தது சிபாரிசு இல்லை, வெடிகுண்டு. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. வினாத்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும்தான். கான்பூர் பையன் தன் தாய்மொழியில் கணக்கைப் படித்துப் பார்க்கலாம், பூந்தமல்லி அரசுப் பள்ளிப் பெண்ணால் முடியாது. சிவஸ்வாமி அய்யர் இருந்தால் இதற்கும் ஒரு தீர்மானம் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். தகவலும் அப்படித்தான். டேராடூன் ஆர்.ஐ.எம்.சி.க்கு எட்டாம் வகுப்பில் சேர்கிறார்கள், மாநிலவாரியாக இடம் உண்டு, தமிழ்நாட்டுக்கான தேர்வை டி.என்.பி.எஸ்.சி.தான் நடத்துகிறது. குரூப் ஃபோர் தேர்வுத் தேதியை மனப்பாடமாகச் சொல்கிற வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆவடியில் ஏர் ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குத் தெரியும். ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான் எங்க அப்பா ஒரு கடிதத்தால் நிரப்பப் பார்த்தார்.

அந்த அம்மாவின் மகளுக்குப் பல வருஷம் முன்னால் பிறந்த அக்கா இருந்திருந்தால், அவளுக்கு எந்தப் பதிலுமே கிடைத்திருக்காது. 2021 ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றம், குஷ் கால்ரா வழக்கில், பெண்களும் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. சிவஸ்வாமி அய்யரின் தீர்மானங்களுக்குச் சரியாக நூறு வருஷம். அந்த நவம்பரிலேயே பெண்கள் எழுதினார்கள். 2022இல் முதல் அணியாக 19 பேர் சேர்ந்தார்கள். 2025 மே 30 அன்று அவர்களில் 17 பேர் கடக்வாஸ்லா மைதானத்தில் அணிவகுத்து வெளியே வந்தார்கள்.

திருமுல்லைவாயல் அம்மாவுக்கு நான் பதில் அனுப்பினேன். யாரையும் பார்க்க வேண்டாம்மா, பார்த்தால்தான் தப்பு. யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் விண்ணப்பிக்கணும், பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, எழுத்துத் தேர்வை சென்னையிலேயே எழுதலாம். எஸ்.எஸ்.பி.க்கு வெளியூர் கூப்பிட்டால், முதல் தடவை போகிறவர்களுக்கு ரயில் டிக்கெட் பணம் அவர்களே தருவார்கள், டிக்கெட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்க. இன்றிலிருந்து இங்கிலீஷ் செய்தித்தாளை மகள் சத்தம் போட்டுப் படிக்கட்டும், வீட்டில் யாருக்கும் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

பத்து நிமிஷத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது. "ரொம்ப நன்றி தம்பி. பொண்ணுகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். அப்படியும் அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா ஒரு வார்த்தை சொல்லி வைங்க."